வழிவகுப்பும் துணைப்பொருளும்

முதனூலின் முடிபை உடன்பட்டுத் தனக்கு வேண்டும் வேறுபாட்டையும் உரைப்பது வழிநூல் என்பது நன்னூல் கற்றார் அறிந்ததே. கணிப்பொறி நிரல் எழுதுவோரிடத்தும் இத்தகைய மரபொன்றுண்டு. தரவையும் செயலையும் ஒருங்கு தொகுத்ததை அவர் வகுப்பு என்பர். ஒரு வகுப்பின் இயல்புகளை உரிமையாகப் பெற்றுப் புதியன சேர்ப்பது சேய்வகுப்பு, பெறப்பட்டது தாய்வகுப்பு. தாய்க்கு வேண்டும் துணைப்பொருளைச் சேய் உண்டாகுங்கால் எங்ஙனம் அளிப்பது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

எடுத்துக்காட்டொன்று கற்பித்துக்கொள்வோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சூழ்ந்த ஊரார் கொணரும் தேன், கடுக்காய் முதலியவற்றின் வரவைப் பதியும் இணையச் சேவை ஒன்று உளதாகுக. ‘கொள்முதல்’ தாய், ‘தேன் கொள்முதல்’, ‘கடுக்காய்க் கொள்முதல்’ என்பன சேய்கள். தாய்க்குத் தரவுத்தளம் இன்றியமையாதது. அதனைத் தாயே உண்டாக்கிக்கொள்ளின், நிரலைச் சோதிக்கும்போதும் மெய்க்கணக்கையே தொட நேரும். உழைத்தார் பெறவேண்டிய தொகை பிழைபடவுங் கூடும். ஆதலின் புறத்தேயிருந்து அளித்தலே தக்கது. இதற்கு டிபெண்டென்சி இன்ஜெக்ஷன் என்னும் பெயரைப் பரப்பியது 2004-இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரையாகும்.

2017-இல் வெளிவந்த நெஸ்ட் என்னும் வழங்கிநிரற் சட்டகம், கன்ஸ்ட்ரக்டர் எனும் ஆக்குமுறையில் குறித்த வகைகளை நோக்கி, வேண்டுவனவற்றைத் தானே தருகின்றது. சேய் தனக்கென ஆக்குமுறை வகுக்காதவரை தாயினதே செல்லும். விலைப்பட்டியல் போன்ற வேறொன்று வேண்டித் தேன் கொள்முதல் தன் ஆக்குமுறையை வகுப்பின், தாய்க்குரிய தரவுத்தளத்தையும் தானே ஏற்று, சூப்பர் என்னும் அழைப்பால் மேலே செலுத்தல் வேண்டும். தாய்க்கு நாளை மற்றொரு துணை வேண்டின், இத்தகைய சேய் பத்தாயின் பத்தும் திருத்தப்படும்.

இவ்விடரை நீக்கத் தாயின் உறுப்பின்மேலேயே இன்ஜெக்ட் என்னும் குறியிடுவர். சேய்கள் மாறவேண்டா. ஆயினும் இதற்கும் குறையுண்டு. ஆக்குமுறை நடைபெறுங்கால் அவ்வுறுப்பு வெறுமையாயிருக்கும். வகுப்புக்கு யாது வேண்டும் என்பதும் அதன் முகப்பிற் புலனாகாது. சட்டகத்தின் துணையின்றிச் சோதிப்பவர் அதனை அளிக்க மறப்பின், பயன்படுத்தும்போதே பிழை வெளிப்படும். ஆகவே மரபுரிமை இல்லாவிடத்து ஆக்குமுறை வழியே அளித்தலை நெஸ்ட் ஆவணம் பரிந்துரைக்கின்றது.

நாம் கருதுவது இது: இயல்பால் ஒத்தனவே தாயும் சேயுமாதல் பொருந்தும். தரவுத்தளத்தைப் பெறுதற்பொருட்டே ஒரு வகுப்பைச் சேயாக்குதல் வேண்டா. அவ்விடத்துப் பதிவுப் பணியைத் தனி வகுப்பாக்கி, வேண்டுவோர்க்கெல்லாம் வெளிப்படையாக அளிப்பின், மாற்றம் வரினும் ஓரிடத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.