தலைக்குக் கவசம் சரி, சைக்கிளுக்குச் சட்டம் சரியா?

காரில் சீட் பெல்ட் போடுவதை உலகிலேயே முதன்முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அது 1970. இருபது ஆண்டு கழித்து, 1990 ஜூலை 1 அன்று, அதே மாநிலம் இன்னொரு சட்டத்திலும் முந்திக்கொண்டது. சைக்கிளில் ஏறுகிற எல்லோரும், பள்ளிக்கூடப் பிள்ளையானாலும் பல்போன தாத்தாவானாலும், ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும்.

அந்த மாநிலத்தின் தலைநகர் மெல்பர்னில் குடியேறிய தமிழர் வீடுகளில், ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெரியவர்களிடம் முதலில் சொல்லி வைக்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று. "அப்பா, பக்கத்துக் கடைதானேன்னு வெறுந்தலையோட சைக்கிளை எடுத்துட்டுப் போயிடாதீங்க. போலீஸ் பிடிச்சா ஃபைன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் சைக்கிள் மிதித்த மனிதருக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அபராதம் வேடிக்கை இல்லை. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் 2016-இல் இந்தக் குற்றத்துக்கான தொகையை 71 டாலரிலிருந்து ஒரே தாவலில் 319 டாலராக்கியது. ஒரு நல்ல ஹெல்மெட்டின் விலையைவிட அது பல மடங்கு அதிகம்.

இப்படி ஒரு சட்டம் திடீரென்று முளைக்கவில்லை. விபத்தில் மண்டை உடைந்து வருகிறவர்களை மேசையில் கிடத்திப் பார்த்த அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள்தான் எழுபதுகள், எண்பதுகளில் இதற்காகக் குரல் கொடுத்தார்கள். விக்டோரியா அரசு முதலில் கையில் எடுத்தது பிரம்பை அல்ல. பள்ளிகள் மூலம் ஹெல்மெட்டை மொத்தமாக வாங்கி மலிவாகக் கொடுத்தது, வாங்கியவர்களுக்குப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது, விளம்பரம் செய்தது. 1983 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். 1990 மார்ச்சில் அது 31 ஆனது. போலீஸ், அபராதம் எதுவும் இல்லாமலே ஆறு மடங்கு. இந்தப் பகுதியை நம்மூர் அதிகாரிகள் இரண்டு தடவை படிக்கலாம்.

1989 டிசம்பரில் பிரதமர் பாப் ஹாக், மாநிலங்களின் விபத்து முனைகளைச் சீரமைக்க 11 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். கூடவே பத்து நிபந்தனைகள். சைக்கிள் ஹெல்மெட் கட்டாயம் என்பது அவற்றில் ஒன்று. பணத்தை விட்டுவிட எந்த மாநிலத்துக்கு மனம் வரும்? 1992-க்குள் நாடு முழுவதும் சட்டம் வந்துவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. விக்டோரியாவில் சட்டம் வந்த ஓராண்டுக்குள் ஹெல்மெட் போடுவோர் நூற்றுக்கு 75 ஆனார்கள். தலைக்காயத்தால் இறந்த அல்லது மருத்துவமனையில் சேர்ந்த சைக்கிளோட்டிகளின் எண்ணிக்கை முதல் ஆண்டில் 48 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 70 சதவீதமும் குறைந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் அதே நாட்களில் மெல்பர்ன் சாலைகளில் வேறு சில காரியங்களும் நடந்துகொண்டிருந்தன. வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் வந்தன. குடித்துவிட்டு ஓட்டுபவர்களை நடுரோட்டில் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனை தீவிரமானது. பார்ப்பவரை உறையவைக்கும் விபத்து விளம்பரங்கள் தொலைக்காட்சியில் ஓடின. மாநிலத்தின் மொத்தச் சாலை மரணங்கள் 1989-இல் 776; 1990-இல் 548; 1992-இல் 396. நடந்து போகிறவன் தலையில் யாரும் ஹெல்மெட் மாட்டவில்லை, ஆனாலும் அவனுக்குத் தலைக்காயம் ஏற்படுவதும் ஏறத்தாழ அதே போக்கில் குறைந்தது. இதைச் சுட்டிக்காட்டியவர் புள்ளியியலாளர் டோரதி ராபின்சன். 1996-இல் வெளியான தன் கட்டுரையில் அவர் இன்னொரு கணக்கையும் எடுத்து வைத்தார். சட்டத்துக்கு முன்னும் பின்னும் மெல்பர்னில் ஒரே இடங்களில் நின்று எடுத்த கணக்கெடுப்பின்படி, புதிதாக ஹெல்மெட் போட்ட பிள்ளைகளைப் போல 15 மடங்குப் பிள்ளைகள் சைக்கிளோட்டிகள் கணக்கிலிருந்தே குறைந்துபோயிருந்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு முடி கலைவது பெரிய விஷயம். "ஹெல்மெட் போடு அல்லது ஓட்டாதே" என்றால் அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியாததா?

ராபின்சனின் கணக்கை ஏற்காதவர்கள் உண்டு. முப்பது ஆண்டுகளாக இந்த வாதம் ஆய்விதழ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரு தரப்பையும் படித்தால் ஒன்று புரிகிறது. ஹெல்மெட் தலையைக் காக்குமா என்பது ஒரு கேள்வி. ஹெல்மெட் சட்டம் ஊரைக் காக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை ஓய மாட்டேன் என்கிறது.

முதல் கேள்விக்கு விடை அநேகமாகத் தெளிவு. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேக் ஆலிவியரும் புருடென்ஸ் கிரெய்டனும் அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 சதவீதமும், முகக்காயம் 33 சதவீதமும் குறைவு.

எப்படிக் காக்கிறது? ஓட்டின் உள்ளே இருப்பது நம்மூரில் தெர்மோகோல் என்கிற அதே வகைப் பொருள்தான், கொஞ்சம் அடர்த்தியாக. டி.வி. வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்தக் குடும்பம். தலை தரையில் மோதும் கணத்தில் அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும், நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம். ஒருமுறை நசுங்கிய தெர்மோகோல் பழையபடி உப்பாது. அதனால்தான் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இது நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழவைக்கிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளிலிருந்து சரிந்து விழுகிறவனுக்கு ஏற்ற கணக்கு அது. அறுபதில் வரும் லாரிக்கு எதிரான கணக்கு அல்ல.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர் செய்த சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு, தன்னை முந்திச் சென்ற 2,300-க்கும் மேற்பட்ட வண்டிகளைக் கணக்கெடுத்தார். அவர் ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கி வந்தன. நீண்ட கூந்தல் விக் வைத்துக்கொண்டு ஓட்டியபோது விலகிப் போயின. சோதனையின்போது ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன. இரண்டு தடவையும் ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. அந்த 8.5 சென்டிமீட்டருக்குப் பெரிய அர்த்தம் இல்லை என்று ஆலிவியர் போன்றோர் பின்னர் மறுத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி எறிய இது காரணமாகாது. வண்டி ஓட்டுகிறவன் கவனிக்க வேண்டிய சேதி இது.

இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரைப் பார்க்கலாம். ஹெல்மெட் தலைக்காயத்தை 85 சதவீதம் தடுக்கும் என்று உலகமெங்கும் பல்லாண்டு முழங்கிய புள்ளிவிவரம் பிறந்தது அங்கேதான், 1989-இல் வெளியான ஆய்வில். 2013-இல் அமெரிக்க அரசு அமைப்புகளே அந்த எண்ணைப் பயன்படுத்துவதைக் கைவிட்டன. சியாட்டில் இருக்கும் கிங் கவுன்ட்டி, பெரியவர்களுக்கும் சேர்த்து இருந்த ஹெல்மெட் சட்டத்தை 2022 பிப்ரவரியில் ரத்தே செய்துவிட்டது. காரணம் மருத்துவம் அல்ல, போலீஸ். அபராதச் சீட்டுகளில் ஏறக்குறைய பாதி வீடற்றவர்கள் கையில் போயிருந்தது. கறுப்பின மக்கள் வெள்ளையரைப் போல நான்கு மடங்கு பிடிபட்டிருந்தார்கள். தெருவோரம் படுத்துறங்குபவனை நிறுத்தி விசாரிக்க ஒரு சாக்காகச் சட்டம் பயன்பட்டது. சட்டத்தை நீக்கிய அதே சுகாதார வாரியம், ஹெல்மெட் போடுங்கள் என்று தொடர்ந்து வலியுறுத்தவும் செய்தது. முரண்பாடு போலத் தெரியும். எனக்கு அது நிதானமாகத் தெரிகிறது.

சட்டம் சைக்கிளையே கொன்ற கதை மெல்பர்னிலும் உண்டு. 2010-இல் அங்கே வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கினார்கள், சுமார் 600 நீல நிறச் சைக்கிள்களோடு. ஹெல்மெட் தடையாக இருக்கிறது என்று தெரிந்ததும் கடைகளில் 5 டாலருக்கு விற்றார்கள்; சைக்கிள் கைப்பிடியிலேயே தொங்கவிட்டும் பார்த்தார்கள். யாரோ போட்ட ஹெல்மெட்டை யார் போடுவார்கள்? ஒரு சைக்கிள் சராசரியாக நாளுக்கு ஒருமுறைகூட ஓடவில்லை. 2019-இல் இழுத்து மூடினார்கள். மெக்சிகோ நகரம் சுதாரித்துக்கொண்டது; 2010-இல் இதே போன்ற திட்டம் கொண்டுவந்த கையோடு ஹெல்மெட் சட்டத்தைக் கைவிட்டது. பெரியவர்களைப் பொறுத்தவரை இஸ்ரேலும் 2011-இல் நகரச் சாலைகளுக்கு அதையே செய்தது.

நெதர்லாந்தில் ஹெல்மெட்டோடு சைக்கிளில் போகிறவரைப் பார்த்தால் பந்தய வீரர் அல்லது ஜெர்மன் சுற்றுலாப் பயணி என்பார்கள். நாட்டின் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில்தான், ஆனாலும் சாதாரணச் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் கிடையாது. எப்போதும் அது சைக்கிள் சொர்க்கமாக இருந்ததில்லை. 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் 3,000 பேருக்கு மேல், அதில் குழந்தைகள் மட்டும் 400-க்கு மேல். மகளை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாப், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தலைப்பிட்டு எழுதினார். அதே பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஹெல்மெட்டை அல்ல; தெருவை. காரின் வேகத்தைக் குறைத்து, சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டது அரசு.

அங்கேயும் கதை முடிந்துவிடவில்லை. 2022-இல் நெதர்லாந்தில் சாலையில் இறந்த 737 பேரில் 291 பேர் சைக்கிளில் சென்றவர்கள். பெரும்பாலோர் வயதானவர்கள். மின்சார சைக்கிள்கள் அவர்களைக் கூடுதல் வேகத்தில் கொண்டுபோகின்றன. விழுந்தால் எலும்பும் தாங்குவதில்லை, மண்டையும் தாங்குவதில்லை. டச்சு அரசே இப்போது ஹெல்மெட் போடச் சொல்லிப் பிரசாரம் செய்கிறது, கட்டாயப்படுத்தாமல்.

குழந்தைகள் விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். தானாகத் தடுமாறி, தாழ்வான உயரத்திலிருந்து, மெதுவான வேகத்தில் விழுவது குழந்தைகள்தான். ஹெல்மெட் சோதனையே அப்படி விழுவதற்காக வடிவமைத்தது. ஸ்வீடன் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2005-இலும், பிரான்ஸ் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2017-இலும் கட்டாயமாக்கின. பிரான்சில் பிள்ளை வெறுந்தலையோடு போனால் 135 யூரோ அபராதம் கூட்டிப் போகிற பெரியவருக்கு. நியாயமான ஏற்பாடு. ஆனால் இதற்கும் மிகையாக நம்பிக்கை வைக்க வேண்டாம். கனடாவில் சட்டம் வந்த மாகாணங்களில் சிறாரின் தலைக்காயம் 54 சதவீதம் குறைந்தது. சட்டம் இல்லாத மாகாணங்களிலும் 33 சதவீதம் குறைந்தது. முன்பிருந்தே இறங்கிக்கொண்டிருந்த போக்கைக் கழித்துவிட்டால் சட்டத்தின் தனிப் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியவில்லை என்றது 2013-இல் வெளியான ஆய்வு.

இந்தியச் சட்டம் சைக்கிளோட்டியின் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் போகும் நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்குத்தான். 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும், 250 வாட்டுக்குக் குறைந்த மின்வண்டிகளும் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. டியூஷனுக்குப் பறக்கும் பிள்ளைகள் பலர் அதில்தான் போகிறார்கள். சைக்கிள் ஹெல்மெட் என்ற பேச்சே நம் விதிகளில் நுழைந்தது விசித்திரமான ஓர் இடத்தில். பைக்கில் உட்காரும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சைக்கிள் ஹெல்மெட் போட்டாலும் போதும் என்கிறது 2022-இல் திருத்திய மத்திய விதி, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. சைக்கிளில் போகும் பிள்ளைக்கு அந்த ஹெல்மெட் வேண்டுமா என்று விதி கேட்கவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஹெல்மெட் நெற்றியில், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டுக் கிடைமட்டமாக உட்கார வேண்டும். பின்னந்தலையில் தொப்பி போலச் சாய்ந்திருந்தால் பயனில்லை. வார் காதுக்குக் கீழே சேர்ந்து, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக வேண்டும். பிள்ளை வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிய அளவு வாங்காதீர்கள். சறுக்குமரம், ஏணி, மரக்கிளை பக்கம் போகும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். ஹெல்மெட் இடுக்கில் சிக்கி, வார் கழுத்தை இறுக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதற்காகவே, இழுத்தால் தானாக விடுபடும் கொக்கியோடு சிறு குழந்தைகளுக்கென்று ஐரோப்பாவில் தனித் தரம் வகுத்திருக்கிறார்கள்.

மெல்பர்ன் சட்டத்தை நாம் கடன் வாங்க வேண்டாம். சைக்கிளில் போகும் கொத்தனாரையும் பால்காரரையும் சிக்னலில் நிறுத்திப் பணம் கேட்கும் இன்னொரு வழியைத் திறந்துவிடுவதைத் தவிர அதனால் நடக்கப்போவது அதிகமில்லை. சட்டத்துக்கு முன் அவர்கள் ஏழாண்டு செய்த வேலையை வாங்கிக்கொள்ளலாம். தமிழக அரசு ஒவ்வோர் ஆண்டும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. அந்த வண்டியோடு தரமான ஒரு ஹெல்மெட்டையும், பின்னால் ஒளிரும் ஒரு சிவப்பு விளக்கையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பள்ளி வாசலைத் தொடும் சாலைகளில் வண்டிகளின் வேகத்தை 30-க்குள் அடக்கட்டும்.