கைப்பேசியின் வேகத்தைக் கவனிக்கும் நிரல்: சுருங்கியதால் கூடிய பாதுகாப்பு

கைப்பேசியில் நெடுநேரம் விளையாடினால் அது சூடாகிறது. மேசைமேல் சும்மா கிடந்தால் ஆறிவிடுகிறது. உள்ளே இருக்கும் புரோசெசர் வேலைக்கு ஏற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இதற்கு முக்கியக் காரணம். மோட்டார் சைக்கிளில் மேடு ஏறும்போது எண்ணெயை முறுக்குவதும் இறக்கத்தில் விடுவதும் போலத்தான்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னலில், இதைக் கவனிக்கும் பகுதியின் பெயர் ‘சிபியூஃபிரீக்’.

வேகம் குறைந்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். பேட்டரிக்கு மிச்சமாவது அதனால்தான். வேகம் பாதியாகி, மின்னழுத்தமும் 20 விழுக்காடு இறங்கினால், புரோசெசரின் இயக்கத்துக்கு நொடிதோறும் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் வரிசை மாறக்கூடாது. வேகத்தைக் கூட்டும்போது முதலில் மின்னழுத்தம் உயர வேண்டும். குறைக்கும்போது முதலில் வேகம் இறங்க வேண்டும். இது தவறினால், போதிய மின்னழுத்தம் கிடைக்காமல் புரோசெசரின் கணக்கு பிசகி, கைப்பேசி அப்படியே நின்றுபோகலாம்.

வெவ்வேறு சிப் வகைகளுக்கு வெவ்வேறு டிரைவர் நிரல்கள் உண்டு. முன்பு, வேக அட்டவணையில் பொருத்தமானதைத் தேடுவது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கெர்னலின் மற்றப் பகுதிகளுக்கு அறிவிப்பது ஆகிய வேலைகளை டிரைவர்கள் தனித்தனியே செய்தன. ஏறக்குறைய ஒரே வரிகள் பல கோப்புகளில் கிடந்தன. ஒன்றில் பிழையைத் திருத்தினாலும் மற்றவற்றில் அது அப்படியே இருக்கும்.

2013இல் கெர்னல் பொறியாளர் விரேஷ் குமார் இதை மாற்றி எழுதினார். தேடுவதும் அறிவிப்பதும் பொதுப் பகுதியின் பொறுப்பாயின. அட்டவணையில் எத்தனையாவது வேகம் என்ற எண் மட்டும் டிரைவருக்கு வரும். அந்த வேகத்தைத் தன் சிப்பில் அமைப்பதோடு அதன் வேலை முடிந்தது. 2014 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.13இல் இந்த மாற்றம் இடம்பெற்றது.

2016இல் மின்னழுத்த வரிசையைக் கவனிக்கவும் ஒரு பொதுச் செயற்கூறு வந்தது. இடையில் ஏதாவது தவறினால் பழைய வேகத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் திரும்பும் ஏற்பாடும் அதிலேயே உண்டு. வேகத்தை வன்பொருளே தீர்மானிக்கும் சில சிப்கள் மட்டும் வேறு வழியில் இயங்குகின்றன.

நிரல் சுருங்கியதால் கைப்பேசி உடனே வேகமாகிவிடாது. ஆனால் இனி ஓரிடத்தில் செய்யும் திருத்தம், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களுக்கும் உதவும். அந்தத் திருத்தம் பயனீட்டாளரின் கைக்கு வருவது மென்பொருள் புதுப்பிப்பின் வழியாகத்தான். ஆகவே, தயாரிப்பு நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்பை ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டே போகாமல் இருப்பது நல்லது.