திரும்பிப் பார்த்து விதைப்போம்

விதைப்பு ஒரு நாள் வேலை. அதன் பயனோ ஒரு போகத்தின் வாழ்வு. நம் நாட்டு வயல்களிற் கையால் வீசி விதைத்தலே பெருவழக்கு. ஆயினும், விதையை வரிசையாக இடவேண்டுமென்னும் எண்ணம் மிகப் பழையது. பண்டை மெசொப்பொத்தேமிய உழவர் கலப்பையிற் குழாய் பொருத்தி அதன்வழியே விதையிட்டனர். இங்கிலாந்திலே ஜெத்ரோ தல் என்பார் 1701ஆம் ஆண்டளவில் விதைப்பு யந்திரமொன்றை ஆக்கினார். அவ்வினத்தைச் சேர்ந்து, சேற்று வயலுக்கு ஏற்றதாய் அமைந்த சிறு கருவியே உருளை விதைப்பான்.

அதன் அமைப்பு எளிது. இரு சில்லுகளுக்கிடையே ஓர் அச்சு; அதிலே கோத்த பிளாஸ்ரிக் உருளைகள் நான்கு; ஒவ்வோர் உருளையின் இரு ஓரங்களிலும் சுற்றிவரத் துளைகள். ஒருவர் இழுத்துச் செல்ல, சில்லுகளோடு உருளைகளும் சுழன்று, முளைவிதை எட்டு வரிசையாக 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் விழும். எண்ணெய்ச் செலவில்லை, விதையும் மிச்சமாகும், வரிசைக்கிடையே களையெடுத்தலும் எளிதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறுபோகத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் அம்மானின் வயலிலே நானும் இதனை இழுத்தேன். அடிக்கடி நிரப்பும் சிரமத்துக்கு அஞ்சி உருளைகளை வாய்மட்டும் நிரப்பினோம். விதைப்பு ஒரு நாள் பிந்தியதால் முளையும் நீண்டிருந்தது. மாலைக்குள் வேலை முடிந்ததென மகிழ்ந்து வீடு திரும்பினோம். பத்தாம் நாள் பார்த்தபோது, பல் உதிர்ந்த வாய்போல வரிசைகள் ஆங்காங்கே வெறுமையாய்க் கிடந்தன. மீண்டும் விதைக்கலாமோவெனின், குளத்து நீர் நாட்கணக்கோடு திறக்கப்படுவது. பிந்திய பயிருக்காக அது காத்திராது. நாற்றுச் சற்று வளர்ந்தபின், குடும்பமே வயலில் இறங்கி, நெருங்கி முளைத்தவற்றைப் பிடுங்கி வெற்றிடங்களில் நட்டது. “தம்பி, யந்திரத்திற் பிழையில்லை. இழுத்த நாங்கள் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவில்லை” என்றார் அம்மான்.

பிழையின் காரணத்தை மாணவரும் எளிதில் உணரலாம். நிறைந்த உருளையினுள் நெல் புரள இடமில்லை. ஆதலால் துளைவழி விழாது. நீண்ட முளைகளோ ஒன்றோடொன்று பின்னித் துளையை அடைக்கும். ஆகவே விதைநெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்துச் சாக்கிற் கட்டிவைத்து, வெண்முளை எட்டிப் பார்க்கும் வேளையிலேயே விதைத்தல் வேண்டும். உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பலாகாது. வெறுமையாகும்வரை விடுதலும் தவறு. விதை குறையக் குறைய மிகுதியாய் விழும். வயலை நன்கு மட்டப்படுத்தி, நின்ற நீரை வடித்துவிட்டு, ஒரே சீரான நடையில் இழுத்தல் நன்று. ஒவ்வொரு முறை வரம்பை அடையும்போதும் நின்று, துளைகளையும் விழுந்த வரிசைகளையும் பார்த்தல் வேண்டும். அன்றே பெருமழை பெய்யின் விதை அள்ளுண்டு போகுமாதலால், வானத்தையும் நோக்குதல் நலம்.

வேலை முடிந்தபின் கருவியை அப்படியே கொட்டிலில் எறிதல் பலர் வழக்கம். உள்ளே எஞ்சிய நெல் அங்கேயே முளைத்துத் துளையை அடைக்கும். அடுத்த முறை வேற்றினத்தோடு கலக்கவும் கூடும். எனவே உருளைகளைத் திறந்து கொட்டி, சேறு போகக் கழுவி, உலர்த்தி, இரும்பு அச்சுக்கு எண்ணெயிட்டு, நிழலில் வைத்தல் வேண்டும். வெயிலிற் கிடந்தால் பிளாஸ்ரிக் வெடிக்கும்.

இவை யாவும் அரைமணி நேர வேலை. அன்று அந்த அரைமணியை மிச்சம்பிடித்த நாம், வெற்றிடம் நிரப்ப இரண்டு நாட்கள் சேற்றில் நின்றோம்.