கன்று வீச்சு நோயும் கமக்காரர் கடமையும்

சினைப்பசு மாதம் நிரம்புமுன் கன்றை வீசிவிட்டால், வெயிலின் கொடுமை என்றும் வேறு மாடு முட்டியது என்றும் காரணம் கூறுவது வழக்கம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், ஐந்தாம் மாதத்திற்குப் பின் பசு கன்றை வீசுமாயின், ‘புரூசெல்லோசிசு’ எனும் கன்று வீச்சு நோயோ என ஐயுறுதல் வேண்டும். இது மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் நோயாகும்.

நோயின் காரணம்

புரூசெல்லா எனும் பற்றீரியாவே இதற்குக் காரணம். மோல்ற்றாத் தீவில் காய்ச்சலால் இறந்த போர்வீரரின் உடலில் 1887ஆம் ஆண்டில் டேவிட் புரூசு என்பவர் இதனைக் கண்டறிந்தார். அக்காய்ச்சல் ஆட்டுப்பால் வழியாக வந்தது என்பது 1905இல் தெளிவாயிற்று. இலங்கையில் இந்நோய் 1956ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டது.

அறிகுறிகள்

கன்று வீசுதல், இளங்கொடி விழாது தங்குதல், பால் குறைதல், மீண்டும் சினைப்படத் தாமதித்தல் என்பன பசுவிடத்துக் காணப்படும். நாம்பனுக்கு விதை வீங்கும். ஒரு முறை வீசிய பசு அடுத்த முறை நல்ல கன்றை ஈனுதலும் உண்டு. அதனால் நோய் நீங்கிற்று எனக் கருதலாகாது. பாலிலும் ஈற்று நீரிலும் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும்.

பரவும் வகை

வீசிய கன்றிலும் இளங்கொடியிலும் கிருமிகள் அளவின்றி உள. அவை பட்ட புல்லையும் நீரையும் உண்ணும் மாடுகளை நோய் பற்றும். நெல் அறுவடைக்குப் பின் பல வீட்டு மாடுகள் ஒரே வயலில் மேய்வதும், எருவுக்காகத் தோட்டந்தோறும் பட்டி அடைப்பதும் நமது குடாநாட்டு வழக்கங்கள். பட்டி அடைப்பதால் மண் வளம் பெறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கன்று வீசிய மாடு நிற்கும் பட்டியை அடைப்பித்தல் தகாது. சோதியாது வாங்கிய மாட்டைப் பட்டியிற் சேர்த்தலே பெருங்கேடு.

செய்ய வேண்டியவை

1. கன்று வீசிய பசுவை உடனே தனியே கட்டுக.

2. ஈற்றின்போது விழும் இளங்கொடியைச் சாக்கிற் கட்டி ஆலமரத்தில் தூக்குவது நம்மவர் வழக்கம். கன்று வீசிய பசுவின் இளங்கொடியை அவ்வாறு தூக்கலாகாது. வெறுங்கையால் தொடாது, கன்றுடன் சேர்த்து எரித்துவிடுக. அல்லது சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைத்திடுக. நமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலமாதலால், கிணற்றுக்கு அண்மையில் புதைத்தல் கூடாது.

3. பசு நின்ற இடத்தைத் தொற்றுநீக்கி இட்டுக் கழுவுக. அங்குள்ள சாணத்தைப் பச்சையாகத் தோட்டத்திற்கு இடாது, குவித்து நன்றாக மக்கச் செய்க. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இக்கிருமி பல வாரங்கள் உயிர்வாழும். வெயிலில் விரைவில் அழியும்.

4. கிடாரிக் கன்றுகளுக்கு இளமையிலேயே தடுப்பூசி இடுவித்தல் நன்று. அதற்குரிய வயதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிக.

5. பசுப்பாலாயினும் ஆட்டுப்பாலாயினும் பொங்கக் காய்ச்சியே பருகுக. பச்சைப்பால் உடலுக்கு உரம் என எண்ணிக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் தவறு.

6. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி என்பன தோன்றினால், மாடு வளர்ப்பதையும் வைத்தியரிடம் தெரிவிக்க. உரிய மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால் நோய் குணமாகும்.

நோயுற்ற மாட்டை மருந்தால் குணமாக்கலாம் என நம்பியிருத்தல் பயனற்றது. அதனை மறைத்துச் சந்தையில் விற்பவர், தம் இழப்பை அயலவர் பட்டிக்கு அனுப்புபவராவர். ஆகவே, கன்று வீசிய செய்தியை ஒளிக்காது அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்திற்கு அறிவித்து, இரத்தத்தையும் பாலையும் சோதிப்பித்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும்.