விருந்தினரை விரட்டலாமா?

திருப்பெரும்புதூர், ஓரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் வாரமெல்லாம் உழைக்கும் குடும்பங்கள் பல, விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படுகின்றன. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் கோவளம். அங்குள்ள கார்மேல் அன்னை ஆலயத்தையும், 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரையையும், அருகிலுள்ள முட்டுக்காட்டுப் படகுத்துறையையும் யாவரும் அறிவர். ஆனால், கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் உப்பங்கழியை நின்று பார்ப்பவர் எத்தனை பேர்?

அக்டோபர் முதல் மார்ச் வரை, நீர் வடிந்த சேற்றில் சுண்டெலிகள் ஓடுவது போல் ஏதோ அசையும். அவையே உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். கொசு உள்ளானின் எடை மிகக் குறைவு. வடதுருவத்தை அடுத்த சைபீரியச் சமவெளிகளில் குஞ்சு பொரித்து, குளிருக்குமுன் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து அது இங்கு வந்து சேர்கிறது. இக்குடும்பத்தைச் சேர்ந்த பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்தது!

இப்பறவைகளுக்குச் சேறே சோற்றுப்பானை. குட்டை அலகுடைய உப்புக்கொத்தி மேற்பரப்பில் கண்டதைக் கொத்தும். நீண்ட அலகுடைய மூக்கன் ஆழத்திலுள்ள புழுவைத் துழாவி எடுக்கும். இங்ஙனம் ஒரே சேற்றில் பலவும் பசியாறுகின்றன. இங்கு உண்டு சேர்க்கும் கொழுப்பே திரும்பும் பயணத்துக்கு எரிபொருள். படகின் இரைச்சலுக்கும், நாயின் துரத்தலுக்கும், படமெடுக்கச் சேற்றில் இறங்குவோருக்கும் அஞ்சிக் கூட்டம் எழும்பும்போதெல்லாம் உணவு நேரமும் வீணாகிறது. சேர்த்த கொழுப்பும் கரைகிறது. கழிவும் கட்டடமும் சேற்றையே விழுங்கினால் அவற்றுக்குப் போக்கிடம் ஏது? முன்பு நம் கோடியக்கரையிலும் காணப்பட்ட கரண்டிமூக்கு உள்ளான், இன்று உலகிலேயே சில நூறுகளாகக் குறைந்துவிட்டது. வழித்தங்கல் சேற்றுநிலங்கள் அழிந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அரிய பறவையைக் காண விரும்புவோர் அதிகாலையில் செல்லுதல் நன்று. கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு கரையிலேயே அமருங்கள். அலகின் நீளம், வளைவு, கால்களின் நிறம் ஆகிய மூன்றையும் பிள்ளைகள் குறிப்பேட்டில் நாளுடன் எழுதட்டும். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலைநிமிர்ந்து நோக்கினால், நாம் மிகவும் நெருங்கிவிட்டோம் என்பது பொருள், பின்வாங்கிவிட வேண்டும். பொறுமையுடன் இருப்பவரின் அருகே அவை தாமாகவே மேய்ந்துகொண்டு வருவதும் உண்டு.

சொந்த ஊரை விட்டு ஓரகடத்தில் அறையெடுத்துத் தங்கி உழைப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். அரைமணி நேர உணவு இடைவேளையில் அவர்கள் கைத்தட்டை ஒருவர் தட்டிவிட்டால் நாம் பொறுப்போமா? உப்பங்கழியில் மேயும் சிறு பறவையும் ஊர்விட்டு ஊர் வந்ததே. நமக்கு அது விடுமுறை நாள். அதற்கோ உணவு வேளை.