தொட்டிச் செடி மஞ்சளாகிறதா? உரத்துக்கு முன் நார்க்கழிவைக் கவனியுங்கள்

சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளிர் குழுவில் கடன் வாங்கி, வீட்டு முற்றத்தில் 40 பைகளில் மிளகாயும் கத்தரியும் வைத்தேன். கயிறு மில்லில் குவித்துப் போட்டிருந்த தென்னை நார்க்கழிவைக் கொண்டுவந்து அப்படியே நிரப்பினேன். நட்ட மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாகின. யூரியா போட்டேன். இலை ஓரம் கருகிவிட்டது. 15 பைகளில் செடியே போய்விட்டது. அடுத்து என்ன உரம் போடலாம்?"

சகோதரி, இப்போதைக்கு எந்த உரமும் போட வேண்டாம். உங்கள் செடிக்கு வந்திருப்பது பசி மட்டும் அல்ல. வேர் நிற்கும் இடமே சரியில்லை. அதைச் சரி செய்யாமல் மேலே எதைக் கொட்டினாலும் பணம்தான் கரையும். இதே நிலையில் பலர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயலில் நட்ட செடிக்கு ஓர் இடத்தில் உப்பு இருந்தால் வேர் வேறு பக்கம் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். பைக்குள் அந்த வசதி கிடையாது. உள்ளே இருக்கும் 15, 20 லிட்டர் கலவைதான் அதற்கு உலகம். எனவே அந்தக் கலவையில் மூன்று குணங்கள் வேண்டும்: தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும், மிச்சத்தைக் கீழே விட வேண்டும், வேருக்குக் காற்றும் விட வேண்டும். நம் பகுதியில் குருவிகுளம் பக்கத்துக் கரிசல் பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண். தொட்டிக்கு அது ஆகாது. நனைந்தால் களியாகி அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் ஓரம் விட்டு வெடிக்கும். ஊற்றும் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே ஓடிவிடும், வேர் நனையாது. சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைத் தொட்டியில் ஒரு சிட்டிகை தூவுவோரும் உண்டு. நம்பிக்கையாகத் தூவுங்கள், தவறில்லை. ஆனால் புற்றுமண்ணால் தொட்டியை நிரப்பாதீர்கள், அதிலும் களிதான் அதிகம்.

செம்மண் நல்லது, ஆனால் கனம். 12 அங்குலப் பையைச் செம்மண்ணால் மட்டும் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நார்க்கழிவு இதனால்தான் பெயர் வாங்கியது. தன் எடையைப் போல் ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடிக்கும், கனமும் இல்லை. 5 கிலோ அமுக்கிய கட்டி ஒன்றை ஊறவைத்தால் சுமார் 70 லிட்டர் கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இது நெதர்லாந்து வரை கப்பலில் போகிறது. தோட்டக்கலைத் துறை தந்த மாடித்தோட்டத் தளையிலும் நார்க்கழிவுக் கட்டி இருந்தது.

ஆனால் அங்கே போவதும் மில் வாசலில் குவிந்து கிடப்பதும் ஒன்றல்ல. வித்தியாசம் கழுவலில் இருக்கிறது.

மில் கழிவில் என்ன இருக்கிறது?

தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாஷ், சோடியம், குளோரைடு உப்புகள் அதிகம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் மோசம். பழுப்பு நிறத்தில் வடிகிறதே, அது டானின் சாயம். இளம் வேருக்கு இரண்டும் ஆகாது. மிளகாயும் பீன்ஸும் உப்பைத் தாங்காத பயிர்கள். தக்காளி ஓரளவு சமாளிக்கும்.

இரண்டாவது குறை தழைச்சத்து. மட்காத நார்க்கழிவில் கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்ற அளவில் இருக்கும். அதாவது தின்பதற்குக் கரி ஏராளம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை நீங்கள் போடும் உரத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிச்சம்தான். உங்கள் மிளகாய் மஞ்சளானதற்கு இது ஒரு காரணம். அதைப் பார்த்து யூரியா போட்டீர்கள். ஏற்கெனவே உப்பு நிறைந்த பையில் இன்னும் ஓர் உப்பு சேர்ந்தது. ஓரம் கருகியது அதனால்தான்.

கழுவும் முறை இது. நார்க்கழிவை ட்ரம்மிலோ தொட்டியிலோ போட்டு நிறையத் தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். வடித்துவிட்டு மறுபடியும் விடுங்கள். மூன்று முறையாவது செய்ய வேண்டும், வடியும் தண்ணீர் வெளுக்கும் வரை. பிறகு 5 கிலோ உலர்ந்த கழிவுக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, கழிவு மூழ்கும்படி ஊற்றி இரவு முழுவதும் வையுங்கள். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாஷையும் கால்சியம் வெளியே தள்ளும். காலையில் வடித்து, கடைசியாக ஒரு முறை அலசுங்கள். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் ஒட்டியிருப்பது முழுதாகப் போகாது. அதனால் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் நல்லது.

அவசரம் இல்லாதவர்களுக்கு மட்கவைப்பதே மேல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன் கழிவுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் போதும். 200 கிலோ என்றால் ஒரு புட்டி, ஒரு கிலோ யூரியா. மர நிழலில் 100 கிலோ கழிவைப் பரப்பி, அதன்மேல் காளான் வித்தைத் தூவி, மேலே இன்னொரு 100 கிலோ போட்டு யூரியாவைத் தூவ வேண்டும். ஈரம் காயாமல் தெளித்து வந்தால் சுமார் 60 நாளில் கறுத்து, குவியல் இறங்கிவிடும். 112:1 என்று இருந்தது 24:1 ஆகும்.

கழிவு தேறிவிட்டதா என்று பார்க்க மீட்டர் வேண்டியதில்லை. ஒரு கிண்ணத்தில் உங்கள் கழிவு, இன்னொன்றில் அலசிய ஆற்றுமணல். இரண்டிலும் இருபது இருபது பாசிப்பயறு போடுங்கள். ஐந்தாறு நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்து வேர் வெள்ளையாக இருந்தால் நம்பி நடலாம். கழிவில் மட்டும் வேர் பழுத்து, குட்டையாக நின்றால் மறுபடியும் கழுவுங்கள்.

தண்ணீரையும் சந்தேகப்பட வேண்டும். அரை லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 1-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 2-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பித் தொட்டியில் மிளகாய் வைக்காதீர்கள்.

கலவையும் ஊட்டமும்

கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தரையில் வைக்கும் பையானால் செம்மண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். அது பைக்குள் சூடேறி வேரை அவித்துவிடும். பையின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இந்தக் கலவையில் நட்டு மூன்று வாரம் கழித்து, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, வாரம் ஒருமுறை பைக்கு அரை லிட்டர் ஊற்றினால் போதும். செடி தழைத்தபின் இரண்டு கிராம் வரை போகலாம். பூ எடுத்ததும் 13:0:45-க்கு மாறுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு கிராம், தனி நாளில். மற்ற உரக் கரைசலோடு ஒரே வாளியில் கலந்தால் சுண்ணாம்பு போலத் திரிந்து அடியில் தங்கிவிடும். தக்காளியின் அடி கறுப்பதும் கால்சியம் போய்ச் சேராததால்தான். முட்டை ஓடு போடுகிறேன் என்பவர்கள் போடலாம், ஆனால் அது கரைந்து செடிக்குப் போவதற்குள் அந்தப் பயிர் முடிந்துவிடும்.

இயற்கை வழியில் போகிறவர்கள் மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், 15 நாளுக்கு ஒருமுறை 3 சதவீதப் பஞ்சகவ்யாத் தெளிப்பும் கொடுக்கலாம். எந்த வழியானாலும், பையின் ஓரத்தில் வெள்ளை பூத்தால் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரை அடியில் வழிய வழிய ஊற்றுங்கள். ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பை மதியத்துக்குள் காய்ந்துவிடும், அப்போது உப்பு இன்னும் இறுகும். அந்த மாதங்களில் காலை, மாலை இரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே சரி.

இனி உங்கள் 40 பைகள். உயிரோடிருக்கும் 25 பைகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். இரண்டு நாள் விட்டு மீண்டும் ஒரு முறை. புதுத் தளிர் பச்சையாக வந்த பிறகு 19:19:19 தொடங்குங்கள். செடி போன 15 பைகளைக் கொட்டிவிட வேண்டாம். உள்ளே இருப்பதை ட்ரம்மில் போட்டு, மேலே சொன்னபடி கழுவி, செம்மண்ணும் தொழு உரமும் சேருங்கள். பை உங்களிடம் இருக்கிறது, கழிவும் இருக்கிறது. புதிதாகச் செலவு கால்சியம் நைட்ரேட்டும் நாற்றும்தான். பயறு சோதனை தேறினாலும் முதலில் நாலைந்து பைகளில் மட்டும் நட்டு, இரண்டு வாரம் பார்த்துவிட்டு மிச்சத்தை நடுங்கள். கடன் தவணை நெருங்குகிறதென்றால், மீதிப் பைகளில் அதுவரை கீரை விதையுங்கள். முளைக்கீரை 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும்.