அலை வேகம்

அலை வேகம் என்பது ஓர் அலை ஒரு நொடியில் கடக்கும் தொலைவு ஆகும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையேயுள்ள தொலைவு அலைநீளம் எனப்படும். ஒரு நொடியில் ஒரு புள்ளியைக் கடக்கும் அலைகளின் எண்ணிக்கை அதிர்வெண் ஆகும். இதன் அலகு ஹெர்ட்ஸ். ஓர் அலை முழுமையாகக் கடக்க எடுக்கும் நேரம் அலைவு காலம் ஆகும்.

அடிப்படைத் தொடர்பு

அலை வேகம் = அதிர்வெண் × அலைநீளம்
அலைநீளம் = அலை வேகம் × அலைவு காலம்

20 பாகை செல்சியசு வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். எனவே 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் 343 ÷ 440 = 0.78 மீட்டர். இதே ஒலி நீரினுள் நுழைந்தால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1480 மீட்டராக உயரும். அதிர்வெண் மாறாது, அலைநீளம் 3.36 மீட்டராகும். அதாவது, அதிர்வெண்ணை அலை மூலமும் வேகத்தை ஊடகமும் தீர்மானிக்கின்றன.

ஆழிப்பேரலையின் வேகம்

ஆழிப்பேரலையின் அலைநீளம் கடலின் ஆழத்தைவிட மிகப் பெரியது. இத்தகைய அலைகளின் வேகம் ஆழத்தை மட்டுமே சார்ந்தது:

வேகம் = (புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம்) என்பதன் வர்க்கமூலம்

ஆழம் 4000 மீட்டர் எனில், 9.8 × 4000 = 39,200. இதன் வர்க்கமூலம் 198. அதாவது வேகம் நொடிக்கு 198 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 713 கி.மீ. அலைவு காலம் 20 நிமிடங்கள் (1200 நொடிகள்) எனக் கொண்டால் அலைநீளம் ஏறத்தாழ 238 கி.மீ. இவ்வளவு நீண்ட அலையின் ஏற்றத்தை நடுக்கடலில் உள்ள கப்பலில் இருப்போர் உணர்வதில்லை.

கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ. ஆகவும், அலைநீளம் ஏறத்தாழ 12 கி.மீ. ஆகவும் சுருங்குகின்றன. முன்பகுதி வேகம் குறைய, பின்பகுதி அதனை நெருங்குவதால் அலையின் உயரம் கூடுகிறது.

முன்னெச்சரிக்கையில் பயன்பாடு

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையத்திலிருந்து இலங்கையின் கிழக்குக் கரை ஏறத்தாழ 1600 கி.மீ. தொலைவில் உள்ளது. மேற்கண்ட வேகத்தில் இத்தொலைவைக் கடக்க ஆழிப்பேரலைக்கு இரண்டு மணிநேரத்திற்கு மேல் தேவை. நிலநடுக்கத்தின் முதன்மை அலைகளோ நொடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தில் சென்று 200 நொடிகளில் அதே தொலைவைக் கடக்கின்றன.

இவ்விரு நேரங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடே மக்கள் கரையைவிட்டு வெளியேறக் கிடைக்கும் காலம். 2004இல் இந்தியப் பெருங்கடலில் முன்னெச்சரிக்கை அமைப்பு இல்லாமையால் அக்காலம் பயன்படாமல் போனது. இந்தியாவின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்டது.